கணிதமும் இசையும்: விருப்பப் பாடத்துக்கு உதவி வேண்டும்

குழுவினருக்கு வணக்கம். தக்கலை அருகே ஒரு சிறிய கல்லூரியில் கணிதம் கற்பிக்கிறேன். இசைக்கெனத் தனித் துறை இல்லாத எங்கள் கல்லூரியில், வாரம் இரண்டு மணி நேரம் வீதம் ஒரு பருவத்துக்கு 'கணிதமும் இசையும்' என்னும் விருப்பப் பாடத்தை நடத்த எண்ணி, அதற்கான பாடத்திட்டத்தை எழுதத் தொடங்கியிருக்கிறேன்.

கணிதப் பகுதியில் எனக்குச் சிக்கல் இல்லை. கர்நாடக இசையில் ரி-க சுர இணைகள் 6, த-நி சுர இணைகள் 6, மத்திமம் (ம சுரம்) 2 வகை ஆகியவற்றைப் பெருக்கினால் 72 மேளகர்த்தாக்கள் (தாய் ராகங்கள்) கிடைப்பது சேர்மானவியலுக்கு நேரடியான எடுத்துக்காட்டு. தேவாலயத்தில் கீபோர்டு வாசிக்கும் மாணவர் ஒருவர், தம் கருவியின் பஞ்சமம் (ப சுரம்) தம்புராவின் பஞ்சமத்தோடு ஏன் முழுமையாக ஒட்டவில்லை என்று கேட்டபோது, தம்புராவில் ஸ-வுக்கும் ப-வுக்கும் உள்ள அதிர்வெண் விகிதம் 3/2, அதாவது 1.5 என்றும், கீபோர்டில் அந்த விகிதத்துக்கு இரண்டின் பன்னிரண்டாம் படிமூலத்தை ஏழாம் அடுக்குக்கு உயர்த்தினால் ஏறத்தாழ 1.4983 மட்டுமே வரும் என்றும் கரும்பலகையில் காட்டினேன். அன்று மணி அடித்த பிறகும் எவரும் எழுந்திருக்கவில்லை.

தாளத்தில்தான் தடுமாறுகிறேன். ஏழு அட்சரச் (தாள எண்ணிக்கை) சொற்கட்டை, அதாவது தாளச் சொற்களின் கோவையை, எட்டு அட்சர ஆதி தாளத்தில் தொடர்ந்து வாசித்தால், 56 அட்சரங்கள் கழித்து, அதாவது ஏழு ஆவர்த்தனங்கள் (தாளச் சுற்றுகள்) முடிந்ததும், இரண்டும் சமத்தில் (சுற்றின் தொடக்கத்தில்) கூடும் என்று மீச்சிறு பொது மடங்கை வைத்து எழுதிக்காட்ட முடிகிறது. கையால் போட்டுக்காட்ட வரவில்லை.

ஆகவே நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பகுதிகளில் மிருதங்கமோ கடமோ கற்பிப்பவர் யாரேனும் இரண்டு வகுப்புகளுக்கு வந்து உதவ இயலுமா? (பயணச் செலவும் சிறு மதிப்பூதியமும் கல்லூரி தரும்.) இதுபோன்ற பாடத்தை நடத்தியவர்கள் மாதிரி வினாத்தாள்களைப் பகிர்ந்தாலும் மகிழ்வேன், செய்முறைத் தேர்வுக்கு எத்தனை மதிப்பெண் ஒதுக்குவது என்பது இன்னும் முடிவாகவில்லை.