‘ரிட்டயர்ட் நம்பர்’: தமிழில் என்ன சொல்லலாம்? பலகைக்கு அவசரம்

அணைக்கட்டிலிருந்து, வெள்ளி இரவு

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

செவ்வாய்க்குள் ஒரு சொல் வேண்டும். எங்கள் ஊர் கபடி அணியில் பதினான்கு வருடமாக 5ஆம் எண் பனியனைப் போட்டு ஆடியவனுக்குப் போன பொங்கல் ஆட்டத்தில் முழங்கால் ஜவ்வு கிழிந்துவிட்டது, இனி ஆடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சின்னப் பையன்கள் தாங்களாகவே கூடிப் பேசி, 5ஐ இனி யாரும் போடுவதில்லை என்று முடிவெடுத்திருக்கிறார்கள். டெண்டுல்கரின் 10, தோனியின் 7 இரண்டையும் வேறு யாருக்கும் கொடுப்பதில்லை, அவை ‘ரிட்டயர்ட் நம்பர்’ என்று டிவியில் பார்த்ததுதான். திடலோரம் புளியமரத்தடியில் பலகை வைக்கிறோம், பெயிண்டர் செவ்வாய் காலை வருகிறார்.

‘ஓய்வு பெற்ற எண்’ என்று எழுதிக் கொண்டுபோய்க் காட்டினேன். அவன் அம்மா படித்துவிட்டு, “நம்பருக்கு எதுக்கு சார் ஓய்வு, அது என்ன கவர்மெண்ட் வேலையா பார்த்துச்சு?” என்று கேட்டார். எனக்குப் பதில் இல்லை. நல்ல சொல்லாகச் சொல்லுங்கள்.

காட்பாடியிலிருந்து, சனி காலை

அந்த அம்மா கேட்டது சரியான இலக்கணக் கேள்வி. ஓய்வு பெறுவது தன்வினை, எண் தானாகப் போய் எதையும் பெறுவதில்லை. அணிதான் அதற்கு ஓய்வு கொடுக்கிறது. ஆகவே குறைந்தபட்சம் ‘ஓய்வளித்த எண்’ என்றாவது பிறவினையில் இருக்க வேண்டும். ஆனால் ‘ஓய்’ என்ற வேரே எனக்குப் பிடிக்கவில்லை. மழை ஓய்ந்தது, அலை ஓய்ந்தது, ஆள் ஓய்ந்துபோனான், எல்லாம் தளர்ச்சிதான். கௌரவம் எங்கே இருக்கிறது?

என் பரிந்துரை ‘அணியா எண்’. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், வாடா மலர், அழியாப் புகழ் போல. அணிந்துகொள்ளும் அணியும் ஆடுகிற அணியும் ஒரே சொல்லுக்குள் வந்துவிடுகின்றன, இதைவிடப் பொருத்தம் வேறெங்கும் கிடைக்காது. சேர்த்து எழுத வேண்டாம். ‘அணியாவெண்’ என்றால் கண் ‘வெண்’ணில் போய் நிற்கும்.

குடியாத்தத்திலிருந்து, சனி மதியம்

சார், ‘அணியா எண்’ என்று என் பையனிடம் சொல்லிப் பார்த்தேன். “அணியா? எந்த அணிம்மா?” என்று திருப்பிக் கேட்டான். பலகையைப் படிக்கப் போகிறவர்களும் அவன் வயதுதான்.

செங்கத்திலிருந்து, சனி இரவு

நண்பர்களே, பழைய வட ஆற்காட்டில் உட்கார்ந்துகொண்டு இதற்குச் சொல் தேடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. வீரனுக்குக் கல் நட்ட மண் இது. எங்கள் செங்கம் வட்டாரத்தில் மட்டும் எத்தனை நடுகற்கள், பல்லவர் காலத்து எழுத்தோடு! எடுத்தனூரில் ஒரு கல் இருக்கிறது, மகேந்திரவர்மன் காலத்தது. அதில் வீரன் மட்டும் இல்லை, அவன் நாயும் பக்கத்தில் நிற்கிறது. கோவிவன் என்று அந்த நாயின் பெயரையும் வெட்டியிருக்கிறார்கள், கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்று. நாய்க்குக்கூடப் பெயர் சொல்லிக் கல் நட்டவர்கள் நாம். நேரில் போய் அந்தக் கல்லைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் நான் சொல்வது புரியும்.

தொல்காப்பியம் புறத்திணையியலில் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என்று நடுகல் நடுவதற்கு முறையே இருக்கிறது. எண்ணைத் தேர்வது காட்சி, பலகை எழுதுவது கால்கோள், திறப்பு விழா பெரும்படை, எல்லாமே பொருந்துகின்றன. ‘நடுகல் எண்’ என்றே வையுங்கள். ஆஸ்திரேலியாவில் பந்து பட்டு இறந்த பிலிப் ஹியூஸின் 64ஐ 2014இல் ஒருநாள் அணியிலிருந்து எடுத்து வைத்தார்களே, அது நடுகல் இல்லாமல் வேறென்ன?

அணைக்கட்டிலிருந்து, ஞாயிறு காலை

ஐயா, ஹியூஸுக்குப் பொருந்தும், மறுக்கவில்லை. எங்கள் பையன் உயிரோடு இருக்கிறான். தினமும் சாயங்காலம் திடலுக்கு வந்து, சுண்ணாம்புப் பொடி வாளியோடு நொண்டி நொண்டிக் கோடு போடுகிறான். குனிய முடியாததால் டப்பாவில் ஓட்டை போட்டு ஒரு குச்சியில் கட்டி வைத்திருக்கிறான். நேற்றும் கோடு நேராகத்தான் இருந்தது. அவன் பெயருக்குப் பக்கத்தில் நடுகல் என்று எழுத எனக்குக் கை வராது.

சத்துவாச்சாரியிலிருந்து, ஞாயிறு மதியம்

ஒரு சின்ன விஷயம். எங்கள் பக்கம் பளுதூக்குகிற ஊர், அங்கே பனியன் எண்ணுக்குப் பெருமை கிடையாது, எடைப் பிரிவுதான் எண். எங்கள் சதீஷ் சிவலிங்கம் காமன்வெல்த்தில் 2014லும் 2018லும் தங்கம் எடுத்தது 77 கிலோவில். அதே 2018 கடைசியில் எடைப் பிரிவுகளை மாற்றினார்கள், 77 போய்விட்டது, 73ம் 81ம் வந்தன. ஆண்கள் பிரிவில் அந்த 77ஐ அதன்பின் யாரும் தூக்கவில்லை, ஆனால் அது யாருக்கும் செய்த மரியாதை இல்லை. ‘அணியா’, ‘விலக்கிய’, ‘நீக்கிய’ என்ற சொற்களெல்லாம் இந்த 77க்குத்தான் பொருந்தும். 5க்கு வேறு சொல் வேண்டும்.

ஆற்காட்டிலிருந்து, ஞாயிறு இரவு

சொல்லைப் பிறகு பார்ப்போம். செய்கிற காரியமே சரியா என்று யாரும் கேட்கவில்லையே?

நம் வீடுகளில் பெரியவர் பெயரை யாரும் பெட்டியில் வைத்துப் பூட்டுவதில்லை, பேரனுக்கு வைக்கிறோம். பெயரன்தான் பேரன், பெயரைச் சுமப்பவன். பெயர் தெருவில் கூப்பிடப்பட வேண்டும், அதுதான் மரியாதை. 5ஐ எட்டாம் வகுப்பில் நன்றாகக் கபடி பாடிப் போகிற ஒரு பையனுக்குக் கொடுங்கள், “இது யார் நம்பர் தெரியுமா” என்று சொல்லிக் கொடுங்கள்.

இந்த வழக்கத்தின் தொடக்கத்திலேயே இதற்குச் சான்று இருக்கிறது. டொராண்டோ ஐஸ் ஹாக்கி அணி 1934இல் ஏஸ் பெய்லியின் 6ஐ எடுத்து வைத்தது, ஆட்டத்தில் மண்டை உடைந்து அவர் ஆட்டத்தையே விட வேண்டியதாயிற்று. உங்கள் பையன் கதைதான். ஆனால் 1968இல் அதே பெய்லி, ரான் எல்லிஸ் என்ற இளைஞர் ஆடுவதைப் பார்த்துவிட்டு, என் 6ஐ அவருக்குக் கொடுங்கள் என்று தானே கேட்டுக் கொடுக்க வைத்தார். எவ்வளவு பெரிய மனசு! நியூயார்க் யாங்கீஸ் பேஸ்பால் அணியில் 1 முதல் 9 வரை ஒரு எண்கூட மிச்சமில்லை, எல்லாம் சுவரில் இருக்கின்றன. அர்ஜென்டினா 2002 உலகக் கோப்பைக்கு மரடோனாவின் 10 இல்லாமல் போகப் பார்த்தது, 1 முதல் 23 வரை வரிசையாக இருந்தே ஆக வேண்டும் என்று ஃபிஃபா சொல்லிவிட்டது, ஒர்டேகா போட்டுக்கொண்டார். உலகம் ஒன்றும் முழுகிவிடவில்லை.

காட்பாடியிலிருந்து, ஞாயிறு இரவு

ஆற்காட்டு ஐயா, ரசிகன் மனசு என்று ஒன்று இருக்கிறது. 2017இல் இலங்கையில் ஷர்துல் தாக்கூர் டெண்டுல்கரின் 10ஐப் போட்டுக்கொண்டு இறங்கியபோது எத்தனை பேருக்கு வயிறு எரிந்தது! பேரனுக்குத் தாத்தா பெயர் வைத்தால் யாரும் ஏசுவதில்லை, இங்கே அந்தப் பையன்தான் ஏச்சு வாங்குகிறான். நடுவழியும் இருக்கிறது. ஹாக்கி கோல்கீப்பர் ஸ்ரீஜேஷின் 16ஐ 2024இல் சீனியர் அணியில் மட்டும் நிறுத்தினார்கள், ஜூனியர் ஹாக்கியில் 16 தொடர்கிறது.

சரி, சொல்லுக்கு வருகிறேன். ‘காப்பெண்’, ‘சிறப்பெண்’?

குடியாத்தத்திலிருந்து, திங்கள் காலை

சார், இரண்டுமே ‘பெண்’ என்று முடிகின்றன. காப்பு, சிறப்பு, வைப்பு என்று எதை எடுத்து எண்ணோடு சேர்த்தாலும் பெண்தான் வருகிறாள்.

வீட்டில் பேசுகிற சொல் ஒன்று இருக்கிறதே. கல்யாணப் புடவையை எடுத்து வைக்கிறோம், ராத்திரி தாமதமாக வருகிறவருக்குச் சோறு எடுத்து வைக்கிறோம். தூக்கிப் போடுவது வேறு, எடுத்து வைப்பது வேறு. செங்கத்து ஐயாவும் ஆற்காட்டு ஐயாவும் தங்களை அறியாமலே அதைத்தான் எழுதியிருக்கிறீர்கள், மேலே பாருங்கள். ‘எடுத்து வைத்த எண்’. உரியவர் மனசு வைத்தால் பெய்லி மாதிரி வெளியே எடுத்தும் கொடுக்கலாம், சொல் இடம் கொடுக்கிறது.

காட்பாடியிலிருந்து, திங்கள் மதியம்

‘மதிப்பெண்’ என்று லட்சம் பிள்ளைகள் தினமும் சொல்கிறார்கள் அம்மா, அதில் யாருக்கும் பெண் தெரிவதில்லை. பழகினால் எதுவும் பழகும். நீங்கள் சொல்வது அருமையான தொடர், ஆனால் தொடர்தான், கலைச்சொல் இல்லை. இதிலிருந்து வேறு சொல் எப்படி ஆக்குவது, ‘எடுத்து வைத்தலாளர் குழு’ என்றா? அகராதியில் ஏற்ற ஒரே சொல்லாக வேண்டும்.

அணைக்கட்டிலிருந்து, செவ்வாய் இரவு

பெயிண்டர் ஏழு மணிக்கே வந்துவிட்டார். எண்ணிப் பார்த்ததில் குடியாத்தம் அக்கா சொன்னதற்கு நான்கு பேர், காட்பாடி சாரின் சொல்லுக்கு இரண்டு, நடுகல்லுக்கு ஒன்று. ஆற்காட்டு ஐயா எதற்கும் இல்லை. மஞ்சளில் பெரிய 5, கீழே கறுப்பில் அவன் பெயர், அதற்குக் கீழே ‘எடுத்து வைத்த எண்’. அவன் அம்மா எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, “யாருக்கு எடுத்து வைச்சிருக்கீங்க?” என்றார். இன்னும் யாருக்கும் இல்லை என்றேன். பெயிண்ட் காய்கிற வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

காட்பாடியிலிருந்து, செவ்வாய் இரவு

பலகைக்கு மகிழ்ச்சி. குழுவின் சொற்பட்டியலில் ‘அணியா எண்’ என்றே பதிய வேண்டும் என்பது என் கருத்து, மாற்றிக்கொள்ளவில்லை.

செங்கத்திலிருந்து, புதன் காலை

நானும்.