பிரிட்டனுக்காகப் பேச வேண்டும், யாராவது உதவுங்கள்

சனிக்கிழமை

யாழினி, காலை 7:42
எல்லோருக்கும் காலை வணக்கம். திங்கட்கிழமை பள்ளியில் மாதிரி ஐ.நா. சபை நடத்துகிறார்கள். பாதுகாப்புக் கவுன்சில். எனக்குச் சீட்டில் விழுந்த நாடு பிரிட்டன். 2022இல் ரஷ்யா உக்ரைனுக்குள் படையெடுத்ததைக் கண்டித்து மூன்று நிமிடம் பேச வேண்டும். பேச்சை எழுதிவிட்டேன். ரஷ்யாவாக வருகிற பையன் "2003இல் ஈராக்குக்குள் போனது யார்?" என்று கேட்கப் போகிறானாம். அமெரிக்காவோடு சேர்ந்து போனது பிரிட்டன்தானே. வகுப்பு முழுக்கச் சொல்லித் திரிகிறான். நான் என்ன பதில் சொல்வது?

சித்தப்பா, 7:50
பதிலே கிடையாது. ஈயத்தைப் பார்த்துப் பித்தளை இளித்த கதை. பேசாமல் உட்கார்ந்துவிடு.

மாமா, 7:53
உட்காராதே யாழினி. அது வேறு, இது வேறு. சதாம் உசேன் சர்வாதிகாரி. உக்ரைனில் இருப்பது தேர்தலில் ஜெயித்த அரசு.

சித்தப்பா, 7:54
சர்வாதிகாரி என்றால் யார் வேண்டுமானாலும் உள்ளே புகலாமா மச்சான்? பேரழிவு ஆயுதம் இருக்கிறது என்றார்களே, ஒன்றாவது கிடைத்ததா?

மாமா, 7:56
மாஸ்கோவிலிருந்து வந்த வழவழ பத்திரிகையைக் கிழித்து நோட்டுக்கு அட்டை போட்ட காலத்திலிருந்து உங்கள் ரேடியோவில் ஒரே ஸ்டேஷன்தான்.

சித்தப்பா, 7:57
உங்கள் ரேடியோவில் மட்டும் என்ன, வாஷிங்டன்தானே? கிரெனடா ஞாபகம் இருக்கிறதா? ஒரு லட்சம் பேர் இருக்கிற தீவு. 1983இல் அங்கே இறங்கினீர்கள்.

மாமா, 7:57
இறங்கினீர்களா? நான் அப்போது ஆறாம் வகுப்பு. 1979இல் ஆப்கானிஸ்தானுக்குள் போனது யாராம்?

அம்மா, 8:01
காலையிலேயே ஆரம்பித்துவிட்டீர்களா? முரளி, என் மிக்ஸி ஜாரை வாங்கிப் போய் மூன்று வாரம் ஆகிறது.

பெரியம்மா, 8:04
இரண்டையும் ஐ.நா. பொதுச்சபை கண்டித்தது. ஆப்கானிஸ்தான் தீர்மானத்துக்கு ஆதரவாக 104 ஓட்டு, கிரெனடாவுக்கு 108. சண்டை போடுவதானால் கணக்கோடு போடுங்கள்.

யாழினி, 8:05
பெரியம்மா! உங்களுக்காகத்தான் காத்திருந்தேன்.

பெரியம்மா, 8:07
அந்தப் பையன் கேட்பது சரியான கேள்வி. நீ எழுதியிருக்கிற கண்டனமும் சரி. அதை அப்படியே வை. நீ உட்காரப்போகிற நாற்காலியின் கதையை முதலில் தெரிந்துகொள். 1956க்குப் போக வேண்டும். பொறு, கண்ணாடியை எடுத்து வருகிறேன்.

சித்தப்பா, 8:08
அண்ணி டைப் செய்யப் போகிறார். எல்லோரும் காபி போட்டுக்கொள்ளுங்கள்.

பெரியம்மா, 8:21
ஜூலை 26, 1956. எகிப்து ஜனாதிபதி நாசர் சூயஸ் கால்வாய்க் கம்பெனியை நாட்டுடைமையாக்கினார். பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் பொறுக்கவில்லை. அக்டோபர் கடைசியில், பாரிஸுக்குப் பக்கத்தில் செவ்ர் என்ற ஊரில், இஸ்ரேலுடன் ரகசியமாக உட்கார்ந்து ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். இஸ்ரேல் எகிப்தின் சினாய்க்குள் நுழையும். சண்டையை விலக்கிவிட வருகிறோம் என்று சொல்லிக்கொண்டு இவர்கள் இருவரும் கால்வாயில் இறங்குவார்கள். 29ஆம் தேதி இஸ்ரேல் நுழைந்தது. மறுநாளே பாதுகாப்புக் கவுன்சிலில் அமெரிக்கா ஒரு தீர்மானம் கொண்டுவந்தது: இஸ்ரேல் பின்வாங்க வேண்டும், வேறு யாரும் படை அனுப்பக் கூடாது. பிரிட்டனும் பிரான்சும் வீட்டோ, அதாவது தடுப்பு ஓட்டு, போட்டு அதைக் கவிழ்த்தன. அமெரிக்கா கொண்டுவந்த அந்தத் தீர்மானத்துக்கு ஆதரவாக ஓட்டுப் போட்டவர்களில் ஒருவர் யார் தெரியுமா? சோவியத் யூனியன்.

சித்தப்பா, 8:22
பார்த்தீர்களா! இதைத்தான் நான் காலையிலிருந்து சொல்கிறேன்.

பெரியம்மா, 8:23
ஐந்து நாள் பொறு சுந்தரம்.

பெரியம்மா, 8:34
அதே சமயத்தில் ஹங்கேரி கொந்தளித்துக்கொண்டிருந்தது. அக்டோபர் 23 முதல் மாணவர்களும் தொழிலாளர்களும் தெருவில் நின்றார்கள். பிரதமர் இம்ரே நாகி, சோவியத் தலைமையிலான ராணுவக் கூட்டணியான வார்சா ஒப்பந்தத்திலிருந்து விலகுகிறோம் என்று அறிவித்தார். நவம்பர் 4 விடியற்காலையில் சோவியத் டாங்குகள் புடாபெஸ்டைத் தாக்கின. சில மணி நேரத்தில் நியூயார்க்கில் கவுன்சில் கூடியது. சோவியத் படை வெளியேற வேண்டும் என்று தீர்மானம் வந்தது. இந்த முறை பிரிட்டன் ஆதரவு, சோவியத் வீட்டோ. ஐந்து நாளைக்கு முன்னால் வீட்டோ போட்டவர் இப்போது கண்டிக்கிறார், அன்று கண்டித்தவர் இன்று வீட்டோ போடுகிறார். அதே மேஜை, அதே நாற்காலிகள்.

யாழினி, 8:36
ஐயோ. ஐந்தே நாளிலா?

பெரியம்மா, 8:41
இன்னும் கேள். நவம்பர் 5ஆம் தேதி பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் கால்வாய் முகப்பில் இருக்கிற போர்ட் சையதில் பாராசூட்டில் குதித்தன. அன்றைக்கே சோவியத் பிரதமர் புல்கானின், பிரிட்டிஷ் பிரதமர் ஈடனுக்குக் கடிதம் எழுதினார். நவீன ஆயுதங்கள் எல்லாம் வைத்திருக்கிற, உங்களைவிட வலிமையான ஒரு நாடு உங்களைத் தாக்கினால் எப்படி இருக்கும் என்று கேட்டார். ராக்கெட்டைப் பற்றியும் ஜாடையாகச் சொன்னார். கேள்வியில் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் கேட்டவருடைய டாங்குகள் அந்த நேரத்தில் புடாபெஸ்டில் சுட்டுக்கொண்டிருந்தன. ஹங்கேரியர்கள் சுமார் 2,500 பேர் செத்தார்கள், இரண்டு லட்சம் பேர் நாட்டைவிட்டு ஓடினார்கள். நாகியை 1958 ஜூன் 16 அன்று தூக்கில் போட்டார்கள்.

மாமா, 8:43
சித்தப்பா ஆன்லைனில் இருக்கிறார், ஆனால் ஒன்றும் எழுதவில்லை என்பதைக் குழுவின் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

சித்தப்பா, 8:44
பால் பொங்கிவிட்டது. அடுப்பைத் துடைக்கிறேன். அமெரிக்கா என்ன யோக்கியம் என்று அண்ணியிடம் கேளுங்கள்.

பெரியம்மா, 8:49
1953இல் ஈரானில் பிரதமர் மொசாதெக், 1954இல் குவாதமாலாவில் ஜனாதிபதி அர்பென்ஸ். இருவரையும் கவிழ்த்ததில் சி.ஐ.ஏ.வின் கை இருந்தது. அப்போதும் சரி, சூயஸின்போதும் சரி, அமெரிக்க ஜனாதிபதி ஐசன்ஹோவர்தான். ஆனாலும் சூயஸில் அவர் கொடுத்த அழுத்தம் பலித்தது. பவுண்டு ஆட்டம் கண்டபோது ஐ.எம்.எஃப். (சர்வதேச நாணய நிதியம்) பணம் பிரிட்டனுக்குக் கிடைக்க அமெரிக்கா வழிவிடவில்லை. நவம்பர் 6 நள்ளிரவோடு பிரிட்டன் துப்பாக்கியைக் கீழே வைத்தது. கண்டிப்பவர் உத்தமராக இருந்துதான் ஆக வேண்டும் என்றால் எகிப்துக்கு அன்று யாருமே கிடைத்திருக்க மாட்டார்கள்.

மாமா, 8:51
சரி அக்கா, நம் ஊர்?

பெரியம்மா, 8:55
நேரு சூயஸை உடனே கண்டித்தார், கடுமையாகவே. ஹங்கேரி என்று வந்ததும் வார்த்தை வரவில்லை. சோவியத் படை வெளியேற வேண்டும் என்ற பொதுச்சபைத் தீர்மானத்தில் இந்தியா ஓட்டுப் போடாமல் ஒதுங்கியது. சில நாள் கழித்து வந்த இன்னொன்றை எதிர்த்தே ஓட்டுப் போட்டது, அதில் ஐ.நா. மேற்பார்வையில் தேர்தல் என்று இருந்தது. ஜெயப்பிரகாஷ் நாராயண் பகிரங்கமாகத் திட்டினார். நவம்பர் 14இல்தான் பர்மா, இலங்கை, இந்தோனேசியப் பிரதமர்களோடு சேர்ந்து சோவியத் படை வெளியேற வேண்டும் என்று அறிக்கை விட்டார்கள். நேருவின் மேல் எனக்கு எவ்வளவு மரியாதை என்று உங்களுக்குத் தெரியும். இந்தப் பத்து நாளை மட்டும் என்னால் வகுப்பில் தலைநிமிர்ந்து சொல்ல முடிந்ததில்லை.

கார்த்திக் அண்ணன், 9:10
இப்போதுதான் எழுந்தேன். 143 செய்தியா? யாராவது தவறிவிட்டார்களோ என்று பயந்துவிட்டேன்.

கார்த்திக் அண்ணன், 9:16
படித்துவிட்டேன். யாழினி, இதையும் சேர்த்துக்கொள். 2022 மே மாதம் டல்லாஸில், ஈராக்குக்குப் படை அனுப்பிய முன்னாள் அமெரிக்க ஜனாதிபதி ஜார்ஜ் புஷ் புதினைத் திட்டிக்கொண்டிருந்தார். ஒரே ஒரு மனிதர் எடுத்த முடிவு, நியாயமே இல்லாத கொடூரமான படையெடுப்பு என்று சொல்லி, "ஈராக்" என்று முடித்துவிட்டார். பிறகு சுதாரித்து "உக்ரைன்" என்று திருத்தினார். "ஈராக்கும்தான்" என்று முனகிவிட்டு, 75 வயதாகிறது என்றார். கூட்டம் சிரித்தது.

சித்தப்பா, 9:17
சிரித்தார்களாம்.

யாழினி, 9:20
எல்லாம் சரி. திங்கட்கிழமை நான் என்ன பதில் சொல்வது? இதைக் கேட்டால் ரஷ்யாவுக்கு இன்னும் பத்து பாயிண்ட் கிடைக்கும் போலிருக்கிறதே.

பெரியம்மா, 9:31
கிடைக்காது. அந்தப் பையன் "ஈராக்" என்று சொல்கிறானே, அதில் என்ன ஒளிந்திருக்கிறது பார். ஈராக்கில் நடந்தது தப்பு என்று நினைத்தால்தானே அதை எடுத்து உன்மேல் வீச முடியும்? ஒரு நாட்டுக்குள் இன்னொரு நாடு படையோடு புகுவது தப்பு என்று அவனே ஒப்புக்கொண்டுவிட்டான். தன் நாடு செய்தது சரி என்று ஒரு வரிகூடச் சொல்லவில்லை. ஆகவே நீ "அது வேறு, இது வேறு" என்று முரளி மாதிரி வழுக்காதே. ஈராக் தப்பு என்று ஒப்புக்கொள். அதற்கு உன் கையிலேயே ஆதாரம் இருக்கிறது: பிரிட்டன் தானே வைத்த சில்காட் விசாரணை. 2016 ஜூலையில் வந்த அறிக்கை, அமைதியான வழிகளை எல்லாம் முயன்று முடிப்பதற்கு முன்பே படையெடுப்பில் சேர்ந்தார்கள் என்று சொன்னது. போர் தொடங்குவதற்கு மூன்று நாள் முன்னால் ராபின் குக் என்ற அமைச்சர் ராஜினாமா செய்தார். சூயஸிலும் ஆந்தனி நட்டிங் என்ற அமைச்சர் ராஜினாமா செய்தார். லண்டன் டிராபல்கர் சதுக்கத்தில் சூயஸ் போருக்கு எதிராகப் பெரிய கூட்டம் கூடியதே, அது என்றைக்குத் தெரியுமா? நவம்பர் 4. புடாபெஸ்டில் டாங்குகள் சுட்ட அதே ஞாயிற்றுக்கிழமை.

பெரியம்மா, 9:33
இன்னொன்று. ஈடன் சூயஸைப் போர் என்று சொல்லவே மாட்டார். "ஆயுத மோதல்" என்பார். புதின் "சிறப்பு ராணுவ நடவடிக்கை" என்கிறார். 1979இல் வியட்நாமுக்குள் புகுந்த சீனா, பாடம் புகட்டப் போகிறோம் என்றது. பெயர் வைப்பதில் எல்லோருமே கெட்டிக்காரர்கள்.

அம்மா, 9:40
அக்கா, இவளுக்கு நாளைக்குக் கணக்குத் தேர்வும் இருக்கிறது. டியூஷனில் வைக்கிறார்கள்.

யாழினி, 9:41
அம்மா!!


திங்கட்கிழமை

சித்தப்பா, மாலை 4:50
என்ன ஆயிற்று?

யாழினி, 5:12
அவன் எழுந்ததும் ஈராக் என்றான். நான் "ஆமாம், தப்பு. எங்கள் நாட்டு விசாரணை அறிக்கையிலேயே இருக்கிறது" என்று சொல்லி சில்காட்டைப் படித்தேன். "இப்போது உங்கள் நாடு செய்ததைச் சொல்லுங்கள்" என்றேன். அவன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நான்கு பக்கமும் ஈராக். பிறகு "ஈராக்" என்றே மறுபடியும் சொன்னான்.

மாமா, 5:13
சபாஷ்! முதல் பரிசா?

யாழினி, 5:15
இல்லை. எனக்கு ஐந்து மார்க் குறைத்துவிட்டார்கள். எந்த நாட்டுப் பிரதிநிதியும் அந்த மேஜையில் அப்படி ஒப்புக்கொள்ள மாட்டார், இது யதார்த்தமாக இல்லை என்று தலைமை தாங்கிய மிஸ் சொன்னார்.

பெரியம்மா, 5:18
மிஸ் சொன்னதும் சரிதான்.

சித்தப்பா, 5:19
அப்போது பரிசு ரஷ்யாவுக்கா?

யாழினி, 5:21
சீனாவுக்கு. அவள் எழுந்து "இரு தரப்பும் நிதானம் காக்க வேண்டும், ஆழ்ந்த கவலையுடன் கவனித்து வருகிறோம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். ஓட்டெடுப்பிலும் கலந்துகொள்ளவில்லை. முழு மார்க்.

அம்மா, 5:30
முரளி, மிக்ஸி ஜார்.