பதில்: ‘பணித்தாள்’ நம் ஊரில் எடுபடாது

ஐயா, வணக்கம்.

அமெரிக்கப் பன்னாட்டு வணிக ஆணையத்தின் பொருளியலாளர்கள் வெளியிடும் ‘வொர்க்கிங் பேப்பர்’ (working paper) ஆய்வுகளைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற கேள்விக்கு நீங்கள் தந்த ‘பணித்தாள்’ தமிழ்நாட்டில் நிற்கலாம். மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட்டில் நிற்காது. இங்கே கோயில் கமிட்டியும் இளைஞர் மன்றமும் மானியம் கேட்டு எழுதும் திட்டத்தாளுக்கு மலாயில் ‘கெர்த்தாஸ் கெர்ஜா’ என்று பெயர். அதைத் தமிழாக்கினாலும் பணித்தாள்தான். ஆணையம் யாரிடமோ காசு கேட்கிறது போல என்று நினைத்துக்கொள்வார்கள்.

இதே கேள்விக்குத் தம்பி ஒருவர் சொன்ன ‘ஆணைய அறிக்கை’ அதைவிட வம்பு. அது வேறு சரக்கு. 1930 சுங்கத்தீர்வைச் சட்டத்தின் 332-ஆம் பிரிவின்படி அதிபரோ நாடாளுமன்றக் குழுவோ கேட்டால், ஆணையம் விசாரித்துத் தன் பெயரில் தருவது அறிக்கை. கொரோனா காலப் பொருள்கள் பற்றி 2020 டிசம்பரில் வந்தது அந்த வகை.

நாம் பெயர் தேடுவது, ஊழியர் தம் சொந்தப் பெயரில் எழுதி, மற்றவர்கள் பார்த்துக் குறை நிறை சொல்லட்டும் என்று விடுவதற்கு. இது எழுதியவரின் கருத்து, ஆணையத்தின் கருத்தோ எந்த ஆணையரின் கருத்தோ அன்று என்று அதிலேயே குறிப்பு இருக்கும். காரணம் உண்டு. ஆணையர் இடங்கள் ஆறு. ஒரே கட்சிக்காரர் மூவருக்கு மேல் இருக்கக்கூடாது. இப்படிப்பட்ட இடத்தில், தீர்வையை ஏற்றினால் விலை எவ்வளவு கூடும் என்று ஓர் ஊழியர் போட்ட கணக்கை ஆணையத்தின் முடிவாக நம் செய்தித்தாள் தலைப்பில் போட்டால் கதை கந்தல்.

ஆராய்ச்சியில் எழுதியவர் பெயர் முன்னால் நிற்பது நமக்குப் புதுசு. ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் ‘ஆர்.ஆர்.ஐ.எம். 600’ ரப்பர் வகை என்றால் பால்மரம் சீவிய பாட்டிக்கும் தெரியும். அந்தக் கன்றை உருவாக்கியவர் பெயர் யாருக்குத் தெரியும்? இங்கே ஆராய்ச்சி என்றால் கழகத்தின் பெயர்தான் முன்னால் நிற்கும்.

என் பரிந்துரை ‘ஆய்வு முன்வடிவு’. சட்ட முன்வடிவு என்றதும், இன்னும் சட்டமாகவில்லை, பேச இடமிருக்கிறது என்று புரிகிறதல்லவா? அதே ஆணையம் நடத்தும் ஆய்விதழில் சக அறிஞர்கள் சரிபார்த்து வெளிவந்துவிட்டால், அப்புறம் அது ‘ஆய்வுக்கட்டுரை’.

கடைசிவரை முன்வடிவாகவே நின்றுவிடுபவை உண்டே என்பீர்கள். சட்ட முன்வடிவிலும் உண்டு, ஐயா. ‘ஊழியர் ஆய்வு முன்வடிவு’ என்று நீட்டவேண்டுமா என்பதை மட்டும் பெரியவர்கள் சொல்லுங்கள். எனக்கு அது வாயில் நுழையவில்லை.