ஒரே கோப்புறையில் இரண்டு ‘கோலாட்டம்’: எதை அழிப்பது?

தேனிக்காரி:
பெரியம்மா பாடிய பாட்டுகளைப் பழைய மேக் மடிக்கணினியில் பல ஆண்டுகளாகச் சேர்த்துவந்தேன். பெரியம்மா இப்போது இல்லை; 212 பதிவுகள் இருக்கின்றன. சென்ற மாதம் அவற்றை ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவி மூலம் உபுண்டு (லினக்ஸ்) கணினிக்கு மாற்றினேன். சிலவற்றில் இரைச்சலை நீக்கி, பழைய பெயரையே தட்டச்சு செய்து, அங்கேயே சேமித்தேன். பழையதன்மேல் எழுதவா என்று கணினி கேட்கவே இல்லை. இப்போது ‘கோலாட்டம்.எம்பி3’ என்று இரண்டு கோப்புகள் அடுத்தடுத்து நிற்கின்றன. எழுத்துக்கு எழுத்து பார்த்துவிட்டேன். ஓர் இடைவெளிகூட வேறுபடவில்லை.

ஒன்றில் பெரியம்மா தொண்டையைச் செருமிவிட்டு, “ஆரம்பிக்கட்டுமா?” என்று கேட்கிறார். மற்றதில் அந்த இடத்தை நான் வெட்டிவிட்டேன். கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் முனையத்தில் பெயரைக் கொடுத்து அழித்தால் எது போகும்?

இன்னொன்று. தாலாட்டு, ஒப்பாரி என்று தேடினால் எல்லாம் வருகின்றன. கோலாட்டம், தொட்டில் என்று தேடினால் நான் புதிதாகச் சேமித்தவை மட்டுமே வருகின்றன. நீளப் பெயர் கொண்ட 3 கோப்புகள் ‘பெயர் மிக நீளம்’ என்று வராமலே நின்றுவிட்டன.

எழுத்தெண்ணி:
தயவுசெய்து எதையும் அழிக்காதீர்கள். உங்கள் தேடலிலேயே விடை இருக்கிறது.

கணினி எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடு முறையில் ‘கோ’வை இரண்டு விதமாக எழுதலாம்: க-வுக்குப் பின் ோ என்ற ஒரே குறி, அல்லது க, ே, ா என மூன்று துண்டுகள். திரையில் இரண்டும் ஒன்றுதான். பழைய மேக்கின் கோப்பு முறைமையான எச்எஃப்எஸ் பிளஸ் பெயர்களைப் பிரித்தே சேமிக்கும். நாம் தட்டச்சு செய்யும்போது பெரும்பாலும் சேர்ந்த குறியே விழுகிறது. லினக்ஸின் கோப்பு முறைமையான ஈஎக்ஸ்டி4 வழக்கமாகப் பெயரை எழுத்தாகப் பார்ப்பதில்லை. வெறும் பைட்டு (கணினிச் சேமிப்பின் சிறு அலகு) வரிசையாகவே பார்க்கிறது. ‘கோலாட்டம்’ சேர்ந்த வடிவில் 27 பைட்டு, பிரிந்த வடிவில் 30. அதற்கு இவை இரண்டு வேறு பெயர்கள். ொ, ோ, ௌ, ஔ வரும் பெயர்களில்தான் இந்தச் சிக்கல். தாலாட்டு தப்பியது அதனால்தான்.

நீங்கள் தட்டச்சு செய்து அழித்தால் புதியது போகும் என்றே நினைக்கிறேன். ஆனால் அந்தக் குரலை வைத்துச் சோதிக்க வேண்டாம். முதலில் நகல் எடுங்கள். பிறகு ஒவ்வொன்றையும் கேட்டுப் பார்த்து, வெட்டிய பதிவின் பெயரில் ‘திருத்தியது’ என்று சேருங்கள். அடுத்து கான்வ்எம்வி என்ற கருவியை என்எஃப்சி எனப்படும் சேர்ந்த வடிவுக்கு மாற்றும்படி ஓட்டுங்கள். சாதாரணமாக ஓட்டினால் எவற்றை மாற்றப்போகிறது என்று காட்டுமே தவிர எதையும் தொடாது. பட்டியல் சரியாக இருந்தால் மட்டும் மாற்றச் சொல்லுங்கள்.

வைகைக்கரை:
நீளத்துக்கும் அதே பைட்டுக் கணக்குதான். ஈஎக்ஸ்டி4-இல் ஒரு பெயருக்கு 255 பைட்டு. தமிழில் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட்டு. ‘கு’ என்பதே இரண்டு குறி, 6 பைட்டு. எம்பி3 பின்னொட்டுக்கு 4 போனால் 83 குறிகளுக்குத்தான் இடம். மேக்கில் 255 குறிகள்வரை கொள்ளும். அங்கேயே பெயரைச் சுருக்கிவிட்டு அனுப்புங்கள். விண்டோஸ் வைத்திருக்கும் உறவினருக்கும் கொடுப்பதாக இருந்தால், பெயரில் கேள்விக்குறியும் முக்காற்புள்ளியும் வேண்டாம், அது ஏற்காது.

தேனிக்காரி:
இருவருக்கும் நன்றி. கருவி 41 பெயர்களைக் காட்டியது. ஒவ்வொன்றாகச் சரிபார்த்து மாற்றிவிட்டேன். “ஆரம்பிக்கட்டுமா?” பத்திரமாக இருக்கிறது; கோலாட்டம் என்று தேடினால் இரண்டும் வருகின்றன. நீளப் பெயர்களில் இரண்டைச் சுருக்கினேன். மூன்றாவது ஒப்பாரி. அதன் முதலடியை வெட்ட மனம் வரவில்லை. கோப்புக்குள் இருக்கும் தலைப்பில் முழு அடியையும் எழுதிவிட்டு, வெளியே ‘ஒப்பாரி 7’ என்று மட்டும் பெயர் வைத்தேன்.