ஆன் பாசான்: சதுரங்கத்தில் தமிழில் எப்படிச் சொல்வது?

வணக்கம். சதுரங்கச் செயலி ஒன்றைத் தமிழாக்குகிறோம். பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன 'ஆன் பாசான்' அதில் வருகிறது. 'கடந்து போகையில்' என்று பொருள்; சிப்பாயைச் சிப்பாய் வெட்டும் ஒரு தனி முறைக்குப் பெயர். 'போகிறபோக்கில் வெட்டு' என்று போடலாமா?

---

> போகிறபோக்கில் வெட்டு

கட்டுரைகளில் வரும் ஆன் பாசானுக்கு இது கச்சிதம். 'போகிறபோக்கில் ஒரு குத்து விட்டார்' என்கிறோமே, அதேதான். ஆட்டத்துக்குச் சரிவராது. தமிழில் போகிறவரே வெட்டுகிறவர் என்றாகிவிடும். இங்கே கடந்து போவது வெட்டுப்படும் சிப்பாய்.

வெள்ளைச் சிப்பாய் ஈ5 கட்டத்தில் நிற்கிறது. கறுப்புச் சிப்பாய் டி7-இலிருந்து ஒரே நகர்த்தலில் டி5-க்கு வருகிறது. டி6-இல் நின்றிருந்தால் வெட்டுப்பட்டிருக்கும். அதனால் வெள்ளைச் சிப்பாய் டி6-க்குப் போக, டி5-இல் நிற்பது பலகையைவிட்டு வெளியேறும். உடனே அடுத்த நகர்த்தலில் செய்தால் உண்டு, தவறினால் போயிற்று.

என் பரிந்துரை 'வழிமறி வெட்டு'. வினையாகவும் வரும்: வழிமறித்து வெட்டினாள்.

---

மறித்தால் அங்கேயே நிற்க வேண்டுமே, ஐயா? இது டி5-க்குப் போய்ச் சேர்ந்தேவிட்டது. 'கடப்பு வெட்டு' போதாதா?

---

சேர்ந்தது உண்மைதான். ஆனால் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் விதியே அது ஒரு கட்டம் மட்டும் நகர்ந்ததுபோலக் கொள்ளச் சொல்கிறது. இத்தாலியரின் 'பிரேஸா அல் வார்கோ'வும் வழியில் மடக்கிப் பிடிப்பதுதான். 'கடப்பு' வேண்டாம். தடுக்க எதிர்ச் சிப்பாய் இல்லாத 'கடந்த சிப்பாய்' ஏற்கெனவே இருக்கிறது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் புதிதாகப் படிப்பவர் திண்டாடுவார்.

பெயரைவிட உதவிக் குறிப்பில்தான் கவனம் தேவை. வெட்டுப்படும் காய் நிற்கும் கட்டம் வேறு, வெட்டும் காய் போய் உட்காரும் கட்டம் வேறு என்பதைப் படத்தோடு காட்டுங்கள். நேர்ப்பலகையில் புதியவர்கள் டி5 காயை எடுக்க மறப்பது இதனால்தான். வேறு நகர்த்தலே இல்லையென்றால் இந்த வெட்டு கட்டாயம் என்பதையும் சேர்க்கலாம்.

நிரலைச் சோதிக்க ஒரு நிலை: வெள்ளை ராஜா ஏ5, சிப்பாய் ஈ5, கறுப்பு யானை எச்5. கறுப்பு டி7-டி5 ஆடினால் வழிமறித்து வெட்ட முடியாது. இரண்டு சிப்பாயும் ஒரே நேரத்தில் ஐந்தாம் வரிசையைவிட்டு விலக, யானை நேராக ராஜாவுக்குச் செக் வைத்துவிடும்.

---

ஏற்கிறேன். பொத்தானில் 'வழிமறி வெட்டு'. உதவிக் குறிப்பில் முதல் முறை மட்டும் பக்கத்தில் 'ஆன் பாசான்'.