புகையிலைக் கணக்கெடுப்பில் எல்லா மாணவர்களும் "இல்லை" என்றே எழுதுகிறார்கள், தவறு எங்கே?

வகுப்பறை_வாசல் (கேள்வி)

வணக்கம். 13 முதல் 15 வயது வரையுள்ள 320 மாணவ மாணவியரிடம் புகையிலைப் பழக்கம் பற்றியும், அதைப் பற்றி அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்றும் கணக்கெடுக்க வேண்டும். 40 நிமிடப் பாடவேளை ஒன்று கிடைக்கும். முன்னோட்டமாக 38 பேர் உள்ள வகுப்பில் கொடுத்துப் பார்த்ததில் 38 பேரும் "இல்லை". கேள்வி இதுதான்: "நீ புகைபிடிப்பவனா? ஆம் / இல்லை." ஆம் என்றால் 5 முதல் 11 வரை எழுத வேண்டும், இல்லை என்றால் நேராக 12. மனப்போக்கை அறிய "புகை உடலுக்குக் கேடு என்பதை ஒப்புக்கொள்கிறாயா?" என்று கேட்டிருக்கிறோம். தாளைக் கொடுத்து வாங்கியது வகுப்பாசிரியர். கேள்வியை மட்டும் மாற்றினால் போதுமா?

தாள்_திருத்தி

போதாது. ஆனால் முதல் கோளாறு கேள்வியில்தான். "பிடிப்பவனா" என்று கேட்டால் மாணவிகள் அப்போதே கணக்கிலிருந்து வெளியேறிவிடுகிறார்கள். பையன்களிலும் மாதம் இரண்டு முறை நண்பர்களோடு புகைப்பவன் தன்னைப் "புகைபிடிப்பவன்" என்று நினைப்பதில்லை. அவன் எழுதும் "இல்லை" பொய்யல்ல. ஆளைக் கேட்காமல் செயலைக் கேளுங்கள், மரியாதைப் பன்மையில்:

"எப்போதாவது, ஓரிரு இழுப்பு மட்டுமாவது, சிகரெட் புகைத்ததுண்டா?"
"கடந்த 30 நாட்களில் எத்தனை நாள் சிகரெட் புகைத்தீர்கள்?" (0 / 1–2 / 3–5 / 6–9 / 10–19 / 20–29 / 30 நாளும்)
"புகைத்த நாட்களில் நாளுக்கு எத்தனை?"

30 நாளில் ஒரு நாள் புகைத்திருந்தாலும் தற்போது புகைப்பவர் என்று கணக்கிடுங்கள். 1999 முதல் பல நாடுகளில் நடந்துவரும் உலக இளையோர் புகையிலைக் கணக்கெடுப்பும் இதே வயதினருக்கு இந்த 30 நாள் அளவையே வைத்திருக்கிறது. மெல்லும் புகையிலை, மூக்குப்பொடி, மின் சிகரெட் ஆகியவற்றைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும். "புகை" என்ற சொல்லைப் பார்த்ததும் மெல்லுகிறவர் நிம்மதியாக "இல்லை" எழுதிவிடுவார். பிள்ளைகள் தங்களுக்குள் புழங்கும் பெயர்களையும் கேள்விக்குள் சேருங்கள்.

அடுத்தது, "நேராக 12" என்று தாவச் சொன்னது. இது பெரிய பிழை. எல்லோரும் பென்சிலைக் கீழே வைத்தபின் ஒருவர் மட்டும் எழுதிக்கொண்டிருந்தால் அவர் யாரென்று வகுப்புக்கே தெரிந்துவிடும். முதல் நாளே வகுப்பில் இந்தப் பேச்சு பரவியிருந்தால் எவரும் "ஆம்" எழுத மாட்டார்கள். ஒவ்வொரு கேள்வியிலும் "நான் புகைத்ததே இல்லை" என்று ஒரு விடை வையுங்கள். எல்லோரும் எல்லாக் கேள்விக்கும் விடை குறிப்பார்கள், ஒரே நேரத்தில் முடிப்பார்கள்.

மறைபெயர்_போதும்

வகுப்பாசிரியர் அந்த அறையில் இருக்கவே கூடாது. பாடம் எடுக்காத ஒருவர் கொடுக்கட்டும், முன்னாலேயே நிற்கட்டும். பெயர், வரிசை எண், பிறந்த தேதி எதுவும் வேண்டாம். கையெழுத்தே காட்டிக்கொடுக்கும் என்பதால் எழுதும் கேள்விகளைத் தவிர்த்து வட்டம் நிரப்புவதாக அமையுங்கள். தாளை மடித்து உறையில் இட்டு, உறையை மாணவரே பெட்டியில் போட வேண்டும். முந்தைய பாடவேளையில் விழிப்புணர்வு வகுப்பு எடுக்காதீர்கள். கேட்ட பாடத்தையே விடைத்தாளில் திருப்பி எழுதுவார்கள்.

வகுப்பறை_வாசல்

தாவல் பற்றி யோசிக்கவே இல்லை, மிக்க நன்றி. மனப்போக்குக் கேள்விகளை எப்படி மாற்றுவது? எச்சில் பரிசோதனை செய்து உறுதிப்படுத்தலாம் என்று ஒருவர் சொன்னார், தேவையா?

தாள்_திருத்தி

பரிசோதனை வேண்டாம். எச்சிலில் பார்ப்பது கோட்டினின், அதாவது நிக்கோடின் உடலுக்குள் சிதைந்து உண்டாகும் பொருள். அது ஏறத்தாழ 16 முதல் 20 மணி நேரத்தில் பாதியாகக் குறையும். சனிக்கிழமை இரண்டு சிகரெட் புகைத்தவர் புதன்கிழமைப் பரிசோதனையில் தப்பிவிடுவார். பிள்ளைகளின் நம்பிக்கையும் போய்விடும்.

மனப்போக்கில், "கேடா?" என்ற கேள்விக்கு எல்லோரும் ஆம் என்பார்கள், புகைப்பவர் உட்பட. எல்லோரும் ஒரே விடை தரும் கேள்வியால் பயனில்லை. இரண்டு கேள்விகள் அதைவிட வலுவானவை: "நெருங்கிய நண்பர் சிகரெட் நீட்டினால் புகைப்பீர்களா?", "அடுத்த 12 மாதங்களில் புகைக்கக்கூடும் என்று நினைக்கிறீர்களா?" விடைகள் நான்கு: நிச்சயம் இல்லை, அநேகமாக இல்லை, அநேகமாக ஆம், நிச்சயம் ஆம். இதுவரை புகைக்காதவர், இரண்டில் ஒன்றுக்காவது "நிச்சயம் இல்லை" தவிர வேறு குறித்தால், தொடங்கக்கூடியவர் என்று கொள்ள வேண்டும். "அநேகமாக இல்லை"யை நல்ல விடை என்று எண்ணி விட்டுவிடாதீர்கள். உங்கள் உழைப்பு முதலில் போக வேண்டியது அவர்களிடம்தான்.

"ஒருவர் புகைக்கத் தொடங்கிவிட்டால் விடுவது கடினமா?" என்றும் கேளுங்கள். நினைத்தபோது விடலாம் என்ற நம்பிக்கை இந்த வயதில் ஆபத்தானது. தினமும் புகைக்கும் நிலைக்கு வருமுன்பே நிக்கோடின் பிடி சிலரிடம் தெரியத் தொடங்கும். "உங்கள் வயதினர் 10 பேரில் எத்தனை பேர் புகைப்பதாக நினைக்கிறீர்கள்?" என்பதையும் சேருங்கள். பிள்ளைகள் பெரும்பாலும் உண்மையைவிடக் கூடுதலாகவே சொல்வார்கள். உண்மை எண்ணை அவர்களுக்கே காட்டினால், எல்லோரும் செய்கிறார்கள் என்ற எண்ணம் ஆட்டம் காணும்.

எண்_கணக்கன்

அன்று வராதவர்களை மறக்க வேண்டாம். பள்ளிக்கு அடிக்கடி வராதவர்களிடையே புகைப்பவர் விகிதம் கூடுதலாக இருக்கும். 320 பேரில் 290 பேர் எழுதி 29 பேர் புகைத்திருந்தால் 10%. வராத 30 பேரில் 10 பேர் புகைப்பவர் என்றால் உண்மையில் 39 பேர், அதாவது 12.2%. ஒரு வாரத்துக்குள் அவர்களுக்கென இன்னொரு முறை நடத்துங்கள். பெற்றோருக்குக் கடிதம் முன்கூட்டியே போகட்டும். கையெழுத்திட்ட சம்மதம் கட்டாயம் என்றால் வராமல் போகும் தாள்கள் கூடும் என்பதைக் கணக்கில் வையுங்கள்.

முடிவை வெளியிடும்போது வகுப்பு, பாலினம் என்று மிக நுணுக்கமாகப் பிரிக்காதீர்கள். "9-ஆம் வகுப்பு மாணவிகளில் 2 பேர்" என்று அட்டவணையில் வந்தால் அன்று மாலையே அந்த இருவர் யார் என்ற தேடல் தொடங்கிவிடும். 5-க்குக் குறைவான கட்டங்களைப் பக்கத்துக் கட்டத்தோடு சேர்த்துவிடுங்கள். கூட்டுத்தொகையிலிருந்து கழித்துக் கண்டுபிடிக்க வழியிருக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள்.

மறைபெயர்_போதும்

ஒன்று விட்டுப்போனது. விட விரும்புகிறவர் யாரிடம் போகலாம் என்ற துண்டுச்சீட்டை 320 பேருக்கும் கொடுங்கள். கேட்டு வாங்கும்படி வைத்தால் யாரும் கை நீட்ட மாட்டார்கள்.