ஆக்டேவியா ஆர்எஸ் எஞ்சின் வேலை: நெல்லையில் நாங்கள் போட்ட கணக்கு

டர்போ காருக்கு (புகையின் வேகத்தில் சுழன்று எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் விசிறி உள்ள கார்) கைக்கு அடங்கின செலவில் எஞ்சின் வேலை பார்க்க முடியுமா என்று நாலைந்து பேர் கேட்டிருந்தீர்கள். முடியும். என்ன வாங்கிப் போடலாம் என்று யோசிக்கும் முன், எஞ்சின் எதனால் போனது என்று கண்டுபிடித்துவிட வேண்டும். அது தெரியாமல் போட்ட புது பேரிங் (எஞ்சினில் சுழலும் தண்டைத் தாங்குவது) பழைய பேரிங் போன வழியிலேயே போகும்.

எங்களுடையது 2005 மாடல் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ். 1781 சிசி, சிலிண்டருக்கு 5 வால்வு, 150 குதிரைத்திறன். நானும் மச்சானும் சேர்ந்து வாங்கினோம். அடியில் தட்டுகிற சத்தம் வாங்கும்போதே இருந்தது. விலையும் அதற்கேற்ற விலைதான்.

பேட்டைப் பக்கம் லாரிக்கும் டிராக்டருக்கும் எஞ்சின் போர் போடுகிற, அதாவது தேய்ந்த சிலிண்டர் துளையைக் கடைந்து சரிசெய்கிற ஒரு அண்ணாச்சியிடம் கொண்டுபோனோம். "மொத்தமா எவ்வளவு ஆகும் அண்ணாச்சி?" என்று மச்சான் கேட்டதற்கு, "பிரிச்சு அளந்து பாக்காம எப்படித் தம்பி சொல்ல? கிராங்க் எப்படி இருக்குன்னு பாத்துட்டுச் சொல்லுதேன்" என்றார். கிராங்க் என்றால் பிஸ்டன்கள் சுழற்றுகிற தண்டு. அந்தப் பேச்சிலேயே எனக்கு அவர் மேல் நம்பிக்கை வந்துவிட்டது.

பிரிப்பதற்கு முன்னால் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அழுத்தமாகிறது என்று பார்த்தோம். சிலிண்டருக்குச் சிலிண்டர் 3 பார் வரைதான் வித்தியாசம் இருக்கலாம். மூன்றாவது சிலிண்டர் அதையும் தாண்டி இறங்கியிருந்தது. பிஸ்டனை மேலே நிறுத்தி, பிளக் ஓட்டை வழியாகக் காற்று ஏற்றிக் காது கொடுத்துக் கேட்டோம். ஆயில் ஊற்றும் வாயில் காற்றுச் சத்தம் வந்தால் பிஸ்டன் ரிங்கோ சிலிண்டர் போரோ போயிருக்கிறது. சைலன்சரில் வந்தால் எக்ஸாஸ்ட் வால்வு. ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட் (சிலிண்டர்களின் மூடியான ஹெட்டுக்கு அடியில் வரும் அடைப்புத் தகடு), இல்லையென்றால் ஹெட்டில் விரிசல். எங்களுக்கு ஆயில் வாயில்தான் இரைந்தது. ஹெட் பக்கம் பெரிய செலவு இல்லை என்பது இந்தச் சோதனையிலேயே ஓரளவு தெரிந்துவிட்டது.

சம்ப்பை (எஞ்சினுக்கு அடியில் உள்ள ஆயில் தொட்டி) கழற்றியதும் காரணம் கண்ணுக்கே தெரிந்தது. ஆயில் இழுக்கும் குழாயின் வலையில் கரி பாதிக்கு மேல் அடைத்திருந்தது. டர்போ சூட்டில் ஆயில் சீக்கிரம் கெடும். மாற்றாமல் ஓட்டினால் இப்படிக் கரியாகிப் படியும். முந்தைய உரிமையாளர் கையில் அப்படித்தான் ஓடியிருக்கிறது. ஆயில் போதாமல் பேரிங் தேய்ந்து, அந்தத் தூள் எங்கும் பரவியிருந்தது.

அதனால் எங்கள் பட்டியலில் முதலில் ஏறியவை ஆயில் பம்ப், வலைக்குழாய், டர்போவுக்குப் போகும் ஆயில் பைப், ஆயில் கூலர். கூலரைக் கழுவிப் போடலாம் என்று பலர் சொல்வார்கள், தயவுசெய்து கேட்காதீர்கள். உள்ளே மடிப்பில் சிக்கிய உலோகத்தூள் முழுதாக வராது. புது பேரிங்கில்தான் போய் இறங்கும். ஹெட் போல்ட்டும் புதிதுதான். ஒருமுறை கோணம் பார்த்து முறுக்கியது நீண்டிருக்கும், மறுபடி சரியாகப் பிடிக்காது. டைமிங் பெல்ட்டோடு வாட்டர் பம்ப்பையும் மாற்றினோம். இந்த எஞ்சினில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வில் இடித்துவிடும்.

மிச்சம் பிடித்த இடங்களும் உண்டு. டர்போ முழுதாக வாங்கவில்லை. கூடு நன்றாக இருந்ததால் நடுப்பகுதி மட்டும் மாற்றினோம். பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடுகள் நேராக இருந்தன, அப்படியே வைத்தோம். பெரிய டர்போ, பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) ஏற்றுவது எல்லாவற்றையும் மச்சான் ஆசைப்பட்டும் தள்ளிவைத்தேன். இந்த 1.8 டர்போ ஆடி, வோக்ஸ்வாகன் கார்களிலும் வந்ததால் மாலே, எல்ரிங் மாதிரி வெளிக் கம்பெனிகளின் பிஸ்டன், கேஸ்கட் இன்னும் கிடைக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் உதிரிபாக ஜிஎஸ்டி 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகியிருப்பதால் பழைய பில்லை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

சிலிண்டர் போரின் விட்டம் 81 மி.மீ. தேய்மானம் இருந்ததால் அரை மி.மீ. ஓவர்சைஸ், அதாவது அவ்வளவு பெரிய பிஸ்டன். பிஸ்டன் கைக்கு வந்த பிறகுதான் சிலிண்டர் பிளாக்கை மெஷினில் ஏற்ற வேண்டும். அண்ணாச்சி ஒவ்வொரு பிஸ்டனையும் மைக்ரோமீட்டரில் அளந்து, அதற்கான சிலிண்டருக்கு நம்பர் எழுதிப் போர் போட்டார். அந்தக் கூலியில் நான் பேரமே பேசவில்லை. மொத்தப் பணத்தில் கால்பங்கைத் தொடாமல் வைத்திருந்தோம். கிராங்க் கிரைண்டிங்குக்கும் இன்டர்கூலர் (டர்போ அனுப்பும் சூடான காற்றைக் குளிர்விப்பது) சுத்தம் செய்யவும் அதுதான் உதவியது.

வண்டி ஓடத் தொடங்கி 500 கிலோமீட்டருக்குள் முதல் ஆயிலை இறக்கி, ஃபில்டரை அறுத்துப் பார்த்தோம். மினுக்குகிற தூள் கொஞ்சம் இருந்தது, அது புது ரிங் பதிகிறபோது வருவது. அடுத்த ஃபில்டர் சுத்தமாக இருந்தது. அதற்குப் பிறகே நாங்குநேரி வழியாக நாகர்கோவில் வரை முழு பூஸ்டில் ஓட்டினோம்.

தென்காசி, சங்கரன்கோவில் பக்கம் டயல் போர் கேஜ் (துளையின் விட்டத்தை அளக்கும் கருவி) வைத்து அளந்து போர் போடுகிற பட்டறை தெரிந்தவர்கள் எழுதுங்கள். கடையத்திலிருந்து ஒரு தம்பி ஃபியட் லீனியா டி-ஜெட் டர்போ கார் பிளாக்கைக் கழற்றி வைத்துக்கொண்டு கேட்கிறார்.